வில் வண்டியும் அரசுப் பேருந்தும்

மோட்டார் வண்டியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலரும் அதன் எஞ்சினைப் பற்றியே எழுதினர். பெட்ரோல் எரிவதும், பிஸ்டன் ஓடுவதும், வேகம் ஏறுவதும் கதை சொல்வதற்கு ஏற்றவை. சக்கரத்திற்கும் மனிதனுக்கும் நடுவே இருந்து, சாலையின் அடியையெல்லாம் தான் வாங்கிக்கொண்டு, நம் உடம்பு நோகாமற் காக்கும் வில்லைப் பற்றி எழுதியவர் சிலரே. நாம் பொறியாளர் அல்லோம். இரயில்வே அலுவலகத்தில் கணக்கும் கடிதமும் எழுதிப் பழகியவர். எனினும் இவ்வாண்டு நம் சங்க மலருக்கு அந்த வில்லின் வரலாற்றையே எழுத எடுத்துக்கொண்டோம். அதற்குக் காரணம் உண்டு.

நம் காலனியில் வாழும் குடும்பங்கள் பிழைப்பின் பொருட்டு ஊர் விட்டு வந்தவை. பொங்கலென்றும் கொடையென்றும் திருமணமென்றும் தெற்கு நோக்கிப் போய் வருவது நம் வாழ்க்கையின் ஒரு கூறு. இன்று தம்பானூரில் இரயிலேறினால் நாகர்கோவிலில் இறங்கலாம். ஆனால் தம்பானூர் நிலையம் 1931-இல் திறக்கப்பட்ட பின்னரும், அங்கிருந்து தெற்கே இரயில் செல்ல 1979 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இடைப்பட்ட அந்த அரை நூற்றாண்டு முழுவதும் நாஞ்சில் நாட்டுக்குப் போக வர நம் முன்னோரைச் சுமந்தவை சாலை வண்டிகளே. அவ்வண்டிகளில் எலும்பு நோகாமற் போய்ச் சேர்ந்தோமா என்பதை முடிவு செய்தது வில்.

மேலும், வில்லின் வரலாற்றில் இத்திருவனந்தபுரத்துக்கு உரிய ஆண்டுகள் இரண்டு உள. ஒன்று 1893, மற்றொன்று 1938. இவ்விரண்டையும் இணைத்துப் பார்த்தால், வில்லின் வரலாறு வெறும் இரும்பின் வரலாறு அன்று, யார் நோகாமற் பயணம் செய்யலாம் என்ற வழக்கின் வரலாறும் ஆகும் என்பது விளங்கும்.

வில் வண்டி

கட்டை வண்டியில் அச்சின்மேல் நேரே சட்டம் அமர்ந்திருக்கும். சக்கரம் ஒரு கல்லின்மேல் ஏறி இறங்கினால், அவ்வளவும் வண்டியில் இருப்பவரின் முதுகெலும்பில் வந்து இறங்கும். நெல்மூட்டைக்கு அதனாற் கேடில்லை. ஆகவே மனிதர் ஏறுதற்கென்று செய்த வண்டிகளில் அச்சுக்கும் கூண்டுக்கும் இடையே எஃகுப் பட்டைகளை வளைத்து அடுக்கிப் பொருத்தினர். வில்போல் வளைந்த பட்டை உடைமையால் அது வில் வண்டி எனப்பட்டது. மலையாள மக்கள் வில்லுவண்டி என்பர். மோட்டார்ப் பட்டறைகளில் வழங்கும் கமான் பட்டை என்னும் பெயரும் இதுவே. கமான் என்பது பாரசீக மொழியில் வில்.

இங்கிலாந்தில் ஒபதையா எலியட் என்பவர் 1804-இல் இத்தகைய எஃகு வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்னர்க் கோச்சு வண்டிகளின் முன்னச்சையும் பின்னச்சையும் ஒரு பெரிய உத்தரம் இணைத்துக்கொண்டிருந்தது. எலியட் வளைந்த இரு பட்டை அடுக்குகளை எதிரெதிரே சேர்த்து முட்டை வடிவாக்கி, அவற்றை நேரே அச்சில் பூட்டினார். உத்தரம் வேண்டாததாயிற்று, வண்டி இலேசாயிற்று. பின்னர் வந்த பல வில் வண்டிகளுக்கும் வழி காட்டியது இம்முறையே எனலாம்.

நம் நாட்டில் வில் வண்டி செல்வர்க்கும் உயர்ந்தோர் எனப்பட்டோர்க்கும் உரியதாக இருந்தது. திருவிதாங்கூரில் புலையர் குலத்தார் வில் வண்டி ஏறுவது ஒருபுறமிருக்க, பொதுவழியில் கால்வைத்து நடப்பதே தடுக்கப்பட்டிருந்தது. அக்காலத்தில், திருவனந்தபுரத்துக்குத் தெற்கேயுள்ள வெங்கானூரில் 1863-இல் பிறந்த அய்யன்காளி, 1893-இல் ஒரு வில்லுவண்டியை விலைக்கு வாங்கினார். நல்லாடை உடுத்து, தலைப்பாகை அணிந்து, அவ்வண்டியில் அமர்ந்து, தம் மக்களுக்கு மறுக்கப்பட்ட பொதுவழியே ஓட்டிச் சென்றார். மறித்தோர் பலர்; அவர் வண்டியைத் திருப்பவில்லை. அந்த ஒரு பயணத்தை இன்றும் கேரளம் வில்லுவண்டிப் பயணம் என்றே பெயரிட்டு நினைவுகூர்கிறது. வெள்ளையம்பலம் சந்திப்பில் 1980-இல் நிறுவப்பெற்ற அவர் சிலையை நம்முள் காணாதார் இரார்.

அவர் நடந்தே சென்றிருந்தாலும் வழியுரிமை கேட்டதாகும். ஆயினும் அவர் வில் வண்டியையே தேர்ந்தார். வழி எல்லார்க்கும் பொது என்பதோடு, நோகாமற் போவதும் எல்லார்க்கும் பொது என்று அந்த வண்டி சொல்லாமற் சொல்லிற்று என்று நாம் கருதுகிறோம்.

பட்டையின் கணக்கு

இனி, வில் எவ்வாறு வேலை செய்கிறது என்பதைக் காண்போம். இதற்குப் பெரிய கணிதம் வேண்டுவதில்லை.

இங்கிலாந்து நாட்டு அறிஞர் இராபர்ட் ஹூக் 1678-இல் ஓர் உண்மையை வெளியிட்டார். வில்லின்மேல் ஏற்றும் பாரம் இருமடங்கானால் அது தாழும் அளவும் இருமடங்காகும், மும்மடங்கானால் மும்மடங்காகும். ஆகவே ஒரு வில்லை ஒரு சென்டிமீட்டர் தாழ்த்த எத்தனை கிலோ வேண்டும் என்று அறிந்துவிட்டால், அவ்வில்லின் குணம் முழுவதும் கைக்கு வந்துவிடும். இவ்வளவுக்கே விறைப்பு என்று பெயர். சென்டிமீட்டருக்கு 50 கிலோ விறைப்புள்ள வில்லின்மேல் 500 கிலோ ஏற்றினால் அது 10 சென்டிமீட்டர் தாழும்.

பட்டைகளை ஏன் அடுக்கடுக்காக வைக்கிறார்கள், ஒரே கனமான பட்டை போதாதா என்று கேட்கத் தோன்றும். பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்வது. கனத்தை இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு ஏறும். நீளத்தை இரட்டித்தாலோ விறைப்பு எட்டில் ஒரு பங்காகக் குறையும். ஒரே கனமான பட்டையை, மொத்தக் கனம் மாறாமல், பத்து மெல்லிய பட்டைகளாக்கி அடுக்கினால் விறைப்பு நூற்றில் ஒரு பங்காகிவிடும். ஒரே பட்டையாயின் அது வில்லன்று, தடி. நீண்ட தாய்ப்பட்டையின் கீழ் வரவரக் குறுகிய பட்டைகளை அடுக்கும் வழக்கம் இதன் பயனாக எழுந்தது. வில் தாழும்போது அதன் இரு முனைகளும் ஒன்றைவிட்டொன்று விலகுமாதலின், ஒரு முனையைச் சட்டத்தில் நேரே பூட்டி, மறுமுனையை ஊஞ்சல்போல் ஆடும் ஒரு சிறு கொக்கியில் மாட்டுவர்.

மோட்டார் வந்த பின்

கார்ல் பென்ஸ் தம் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு 1886-இல் காப்புரிமை பெற்றார். தொடக்கத்தில் கார் செய்தோர் வில்லுக்கெனத் தனியே சிந்திக்கவில்லை. குதிரை வண்டிப் பட்டறையில் இருந்ததையே எடுத்துப் பூட்டினர். நம் சென்னையில் 1840-இல் கோச்சு வண்டி செய்யத் தொடங்கிய சிம்ஸன் கம்பெனியே 1903-இல் நீராவிக் கார் ஒன்றையும் செய்து ஓட்டியது என்பது, குதிரை வண்டியும் மோட்டாரும் ஒரே பட்டறையில் பிறந்த உடன்பிறப்புகள் என்பதற்குச் சான்று.

ஆனால் மாடு இழுக்கும் வேகத்திற்குப் போதுமான வில், எஞ்சின் இழுக்கும் வேகத்திற்குப் போதவில்லை. வண்டி துள்ளிற்று, துள்ளிய வண்டி ஆடிக்கொண்டே இருந்தது. டன்லப் 1888-இல் கண்ட காற்றடைத்த டயர் சிறு கற்களின் அடியை வாங்கிக்கொண்டது. பெரும்பள்ளத்துக்கு அது போதாது. இந்த நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு நாட்டு ட்ருஃபோவும் அமெரிக்க நாட்டு ஹார்ட்ஃபோர்டும் உராயும் தகடுகளைக்கொண்டு ஆட்டத்தை அடக்கும் கருவியைப் பரப்பினர். நம் வண்டிகளில் உள்ள ஷாக் அப்சார்பரின் முன்னோர் அது. வில் அடியைத் தாங்குவது. ஷாக் அப்சார்பர் வில்லின் ஆட்டத்தை நிறுத்துவது. இரண்டும் ஒன்றென்று கருதுவது பலர்க்கு வழக்கம். இரண்டின் தொழிலும் வேறு.

சரி, வில் எவ்வளவு மென்மையாக இருக்க வேண்டும்? இக்கேள்விக்கு எண்ணால் விடை தேடியவர்களுள் முன்னோடி, ஆங்கிலப் பொறியாளர் பிரெடெரிக் லாங்கெஸ்டர். அவர் தம் முதற் காரை 1895-இல் உருவாக்கியவர். மனித உடம்பு பிறந்தது முதல் ஓர் ஆட்டத்துக்குப் பழகியுள்ளது. அது நடையின் ஆட்டம். ஆகவே வண்டியும் நிமிடத்துக்குச் சுமார் 90 முறை, நடக்கும் அளவில், ஏறி இறங்குமானால் உடம்பு அதனைத் துன்பமாகக் கொள்ளாது என்பது அவர் கண்ட நெறி.

இந்த ஆட்டத்தை வண்டியை ஓட்டாமலே கணக்கிடலாம் என்பது வியப்பு. பாரம் ஏறியபோது வில் எவ்வளவு தாழ்ந்தது என்ற ஓர் அளவே போதும். 2.5 சென்டிமீட்டர் மட்டும் தாழும் வில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 190 முறை ஆடும். அது எலும்பை உலுக்கும் ஆட்டம். 11 சென்டிமீட்டர் தாழ்ந்தால் 90 முறை. அது லாங்கெஸ்டர் கூறிய நடையளவு. 25 சென்டிமீட்டர் தாழ்ந்தால் 60 முறை; அது தொட்டிலை ஒத்தது. வில் எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவு மெல்ல ஆடும்.

முன்வில்லும் பின்வில்லும்

இதன்பின் நிகழ்ந்தது மோட்டார் வில்லின் வரலாற்றில் ஒரு திருப்பம். மாரிஸ் ஆலி என்ற ஆங்கிலேயர் ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியில் பணியாற்றியவர். அக்கம்பெனி இங்கிலாந்தில் டெர்பி நகரில் கார்களை ஊஞ்சல்போல் தொங்கவிட்டு ஆட்டி அளந்தும், மேடிட்ட உருளைகளின்மேல் சக்கரங்களைச் சுழலவிட்டுக் குலுக்கியும் சோதித்து வந்தது. ஆலி 1930-இல் அமெரிக்காவின் காடில்லாக் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே 1932-இல் ஒரு பெரிய காரின் முன்னும் பின்னும் இரும்புப் பாரங்களை வேண்டியபடி மாற்றி வைக்கத்தக்க அமைப்புடன் ஒரு சோதனை வண்டி செய்தனர். சுகத்தை அளக்கக் கருவி இல்லை. ஆகவே ஒரே வண்டியில் வில்லையும் பாரத்தையும் மாற்றி மாற்றி ஓட்டி, அமர்ந்திருந்தவரின் உடம்பையே கருவியாகக் கொண்டனர்.

அவர்கள் கண்டது அன்றைய வழக்கத்துக்கு நேர்மாறானது. அந்நாளில் முன்வில்லை விறைப்பாகவும் பின்வில்லை மென்மையாகவும் வைப்பது வழக்கம். சோதனையோ, முன்வில்லே மெல்லியதாக இருக்க வேண்டும் என்றது. காரணம் எளியது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியின் அச்சுகள் மூன்று மீட்டர் இடைவெளியில் இருந்தால், முன்சக்கரம் மேட்டில் ஏறி ஐந்தில் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் பின்சக்கரம் அதே மேட்டில் ஏறும். முன்பக்கம் முதலில் ஆடத் தொடங்கிவிடுகிறது. பின்பக்கம் பிந்தித் தொடங்குகிறது. பின்வில் சற்று விரைந்து ஆடுவதாயின், முன்னே சென்றவரைப் பின்னே வந்தவர் எட்டி நடந்து பிடிப்பதுபோல், அது முன்வில்லின் ஆட்டத்தோடு சேர்ந்துகொள்ளும். வண்டி முன்னும் பின்னும் துலாக்கோல்போல் ஆடாமல் ஒருசேர ஏறி ஒருசேர இறங்கும். உடம்பைப் பெரிதும் வருத்துவது துலாக்கோல் ஆட்டமே.

ஆனால் முன்வில்லை மென்மையாக்கியவுடன் முன்னச்சுச் சக்கரங்கள் நடுங்கின; திருப்பும் பிடி ஆடிற்று. இரு சக்கரங்களையும் ஒரே அச்சில் கட்டியிருந்ததே அதற்குக் காரணம். எனவே முன்சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பு வந்தது; ஜெனரல் மோட்டார்ஸ் 1934-ஆம் ஆண்டுக் கார்களில் அதனைப் புகுத்தியது. நம் நாட்டுச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாசடர் காரிலும் முன்சக்கரங்கள் தனித்தனியே ஆடுவன. பின்னே மட்டும் பழைய வில்பட்டை. குதிரை வண்டியும் டெட்ராய்ட் நகரமும் அந்த ஒரு காரின் கீழே சேர்ந்திருந்தன.

திருவிதாங்கூர்ப் பேருந்து

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். ஆலியின் ஆய்வு செல்வர் ஏறும் காருக்காக நடந்தது. காசு கொடுத்துச் சீட்டு வாங்கும் எளியோர்க்கு நல்ல வில் எப்போது கிடைத்தது?

திருவிதாங்கூர் அரசு 1937-இல் இலண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியத்தைச் சேர்ந்த இ. ஜி. சால்ட்டர் என்பவரை வரவழைத்துப் போக்குவரத்துத் துறையின் தலைமைப் பொறுப்பை அளித்தது. இங்கிலாந்திலிருந்து 60 காமர் சாஸிகள் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சினோடு வந்தன. அவற்றின்மேல் மரத்தால் கூடு கட்டும் வேலை சால்ட்டரின் மேற்பார்வையில் சாக்கையில் இருந்த துறைப் பட்டறையிலேயே நடந்தது. 1938 பிப்ரவரி 20-இல் மன்னர் ஸ்ரீ சித்திரைத் திருநாள் போக்குவரத்தைத் தொடங்கி வைத்தார். மன்னர் ஏறிய பேருந்தைச் சால்ட்டரே கவடியார் வரை ஓட்டினார். பேருந்துகள் 33 அணிவகுத்தன. மறுநாள் முதல் திருவனந்தபுரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே பொதுமக்கள் பயணம் தொடங்கிற்று. அரசு தேர்ந்த முதல் வழி, நம் வழியே. கரமனை, பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, களியக்காவிளை, தக்கலை, நாகர்கோவில் என்று செல்லும் அவ்வழிக்குத் திவான் சி. பி. இராமசுவாமி ஐயர் காலத்தில் காங்கிரீட்டும் இடப்பட்டது. நல்ல வில்லுக்கு நல்ல சாலை துணை.

கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியானது 1936 நவம்பர் 12-இல். பேருந்து ஓடியது அடுத்த பதினாறு மாதங்களுக்குள். வெங்கானூர் அய்யன்காளி அப்போது உயிரோடிருந்தார், 1941-இல்தான் மறைந்தார். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒருவர் உயிரைப் பணயம் வைத்து ஏறிய வில் வண்டியின் இடத்தில், அரைச் சக்கரக் கணக்கில் கட்டணம் கேட்கும் அரசு வண்டி வந்து நின்றது. அதிலும் கூடுதற் கட்டணத்தில் முதல் வகுப்பு இருக்கைகள் இருந்தன. எனினும் அந்த வகுப்பு காசைக் கேட்டது, குலத்தைக் கேட்கவில்லை. ஊர்மனம் ஒரே நாளில் மாறிவிட்டது என்று எவரும் கூறார். ஆயினும் ஒரே வில்லின்மேல் பலரும் அமர நேர்ந்தது சிறு செய்தி அன்று.

பின்னிருக்கையின் வழக்கு

பேருந்தின் வில்லுக்குக் காருக்கு இல்லாத ஓர் இடர் உண்டு. காலையில் நிறைந்தும் நடுப்பகலில் வெறுமையாகவும் ஓடும் வண்டி அது. நிறைந்த பாரத்துக்கு ஏற்ப வில்லை விறைப்பாக்கினால், வெறும் வண்டி கட்டை வண்டிபோல் குதிக்கும். வெறும் வண்டிக்கு ஏற்ப மென்மையாக்கினால், நிறைந்தபோது பட்டை அடியில் முட்டும். பாரம் மிகும்போது மட்டும் வேலை செய்யும் துணைப்பட்டையை மேலே வைப்பது ஒரு வழி. பாரத்துக்குத் தக்கபடி தன் விறைப்பை மாற்றிக்கொள்ளும் காற்றுப் பை மற்றொரு வழி. இந்நூற்றாண்டில் நம் நகரில் ஓடத் தொடங்கிய தாழ்தளப் பேருந்துகளில் அதுவே உள்ளது. சாதாரணப் பேருந்திலோ, பின்னச்சுக்கும் அப்பால் உள்ள கடைசி இருக்கையில் அமர்ந்தவரே துலாக்கோலின் நுனியில் அமர்ந்தவர். கர்ப்பிணிகளையும் முதியோரையும் நடுவே அமர்த்த வேண்டும் என்று நம் பெரியோர் சொல்வது இந்தக் கணக்கையே வேறு சொற்களில் சொல்வதாம்.

வில்லைச் சோதிக்கும் முறையும் அறியத்தக்கது. வில்பட்டையின் இரு முனைகளையும் உருளைகளின்மேல் நிறுத்தி, நடுவே பாரத்தைப் படிப்படியாக ஏற்றுவர். ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு தாழ்ந்தது என்று குறிப்பர். பின்பு படிப்படியாக இறக்கியும் குறிப்பர். ஏறும்போது கண்ட அளவும் இறங்கும்போது கண்ட அளவும் ஒன்றாக இரா. பட்டையும் பட்டையும் உராய்வதே அவ்வேறுபாடு. துரு ஏறிய அடுக்கில் அது மிகும். அப்போது சிறு மேட்டுக்கு வில் அசையவே அசையாது. புதிய வில்லாயின், வழக்கமான பாரத்தினும் மிகுதியாகச் சிலமுறை அழுத்தி விடுவர். அதன்பின்னும் அது தன் வளைவை இழக்குமாயின் தள்ளப்படும்.

இரயில் பெட்டிகளிலும் இதே நெறிதான். பெரம்பூரில் 1955-இல் தொடங்கிய இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையின் பெட்டிகளில் சுருள்வில் பயன்பட்டது. அச்சுருள்களைக் குறித்த பாரத்தில் அழுத்தி, அவை நிற்கும் உயரத்தைப் பார்த்து வகை பிரிப்பர். ஒரே வகையைச் சேர்ந்தவற்றையே ஒரு போகியில் சேர்ப்பர். வகை கலந்தால் பெட்டி ஒரு பக்கம் சாயும். ஒரு வில் தன் பங்குக்கு மேல் சுமக்கும். அதுவே முதலில் முறியும். நல்ல வில் என்று தனியே ஒன்றில்லை. பாரத்துக்கும் துணைக்கும் ஒத்த வில்லே நல்ல வில்.

திருவிதாங்கூரின் அத்துறை 1965-இல் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகமாயிற்று. அதற்குள் 1956-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தமையால், முதற்பேருந்து சென்ற வழி இரு மாநிலங்களுக்கு உரியதாயிற்று. எல்லை வந்தது; வண்டி நிற்கவில்லை.

ஹூக் எண்ணிப் பார்த்தார். லாங்கெஸ்டர் நடையை அளந்தார். ஆலி முன்னையும் பின்னையும் ஒப்பிட்டார். அவர்கள் கண்டது நோகாமற் பயணம் செய்யும் முறை. அந்த முறை யாருக்கு உரியது என்ற கேள்வியை வெங்கானூரில் ஒருவர் எழுப்பினார். முறை கண்டவர் புகழ் நூல்களில் உள்ளது. கேள்விக்கு விடை இன்னும் முடியவில்லை. கடைசி இருக்கையில் அமர்ந்தவர் நோகாமற் போகும் நாளில்தான் அது முடியும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, நம் பிள்ளைகளுக்குச் சக்கரத்தின் பக்கம் குனிந்து அந்தப் பட்டை அடுக்கைக் காட்டுவோமாக. முதியவர் ஒருவர் பின்னே நின்றால், எழுந்து நம் நடு இருக்கையை அவருக்கு அளிப்போமாக.

வாழ்க நம் சங்கம்! வளர்க தமிழ்!